தொட்டும் நிற்காத இரைச்சல்

வா தம்பி, உள்ள வா. மழையில நல்லா நனைஞ்சுட்டியே. கொடியில துண்டு கெடக்கு பாரு, எடுத்துத் தலையைத் துடைச்சுக்கோ. செருப்பு வெளியவே கெடக்கட்டும், இந்தத் தெருவுல யாரும் தூக்கிட்டுப் போவ மாட்டாங்க. நீதான கிடாரை வெலைக்குக் கேட்டு போன்ல பேசுனது? நாசரேத்துப் பக்கம், பேரு கிளாட்சன். பாஸ் கிடாரு வாசிச்சுக்கிட்டே பாடவும் செய்வேன்னு சொன்னே. அதக் கேட்டதும்தான் நேர்லயே வந்து வாசிச்சுப் பாருன்னு சொன்னேன். கை ஒரு தாளத்துல போவும், வாய் வேற ஒரு பக்கம் போவும், ரெண்டையும் கட்டி மேய்க்கத் தெரியணும்லா? எங்க பரமகுருவுக்குப் பொறவு அப்படி ஒருத்தன நான் இன்னும் பாக்கல.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். இந்தக் கிடாரைப் பத்தி ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. முக்குல டீக்கடையில வழி கேட்டிருப்பே, அவன் சொல்லியிருப்பானே? உம் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. ராசியில்லாத கிடாரு, ஆளைக் காவு வாங்குன கிடாருன்னு சொல்லியிருப்பான். அவன் கெடக்கான், சவம். பரமகுரு செத்தது நெஞ்சுவலியில. அப்ப கையில இந்தக் கிடாரு இருந்துச்சு, அம்புட்டுதான். கையில டீ கிளாசு இருந்திருந்தா, டீ காவு வாங்கிட்டுன்னு சொல்லிக் கடையை மூடிருவானா இவன்?

நான் ராசி, சகுனம், நல்ல நேரம் எதையும் நம்புற ஆளு இல்ல தம்பி. மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே ரேடியோ ரிப்பேருக்கு வந்தவன். ரேடியோ பாடலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடிச்சா சரி பண்ணிரலாம். எனக்குத் தெரிஞ்ச சாமி அதுதான். இந்தக் கிடாருலயும் ஒரு குறை இருந்துச்சு. ஊருக்கே தெரியாத குறை, செஞ்சவனே விட்டுட்டுப் போன குறை. அதை நான்தான் கண்டுபிடிச்சு சரி பண்ணுனேன். நீ இன்னைக்கு எடுத்துட்டுப் போகப்போறது முழுசான சாமான்.

எடு. பயப்படாம எடுத்துப் பாரு. ரெண்டு கையிலயும் பிடி, கனமா இருக்கும். உடம்பு பலா மரம். அந்த மஞ்சள் நெறம் பெயிண்டு இல்ல, மரத்தோட நெறமே அதுதான். கழுத்து தேக்கு. கழுத்துல ஒரு ஒட்டு, ஒரு பிசிறு தெரியுதா? வெரலை வச்சுத் தடவிப் பாரு. செஞ்சவன் கோட்டிக்காரன்தான், கிறுக்கன்தான், ஆனா கையில வேலை இருந்துச்சு, அத இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஏளா கனி! தம்பி நனைஞ்சு வந்திருக்கான், ஒரு காப்பி போடு.

அது என் வீட்டுக்காரி, சண்முகக்கனி. பரமகுருவுக்கு அக்கா. அவ எட்டிப் பாத்ததை நீ தப்பா எடுத்துக்காத. தம்பி போனதுலருந்து அப்படித்தான், யாரு வந்தாலும் கதவோரமா நின்னு பாப்பா, போயிருவா. வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசி எம்புட்டோ நாளாச்சு. சமைக்கா, துவைக்கா, எல்லா சோலியும் பாக்கா. பேச்சு மட்டும்தான் இல்ல. தாய் இல்லாத பையன் அவன், இவதான் இடுப்புல தூக்கி வளத்தா. எங்களுக்குப் பிள்ளை கெடையாது. அதனால எனக்கு மச்சினன்னு பேரு, உள்ளுக்குள்ள மகன்தான். என் இன்னிசைக் குழுவுல அவன்தான் பாஸு, அவன்தான் பாட்டு. அவன் வாரதுக்கு முந்தி நானே பாஸ் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். அவன் கையைப் பாத்த பொறவு, நான் கீபோர்டுக்கு மாறிட்டேன்.

சரி, கிடாரு வந்த கதையைச் சொல்லுதேன். வாங்குற சாமானோட கதை தெரியணும்லா.

மார்த்தாண்டத்துக்கு அங்கிட்டு வில்பிரட்டுன்னு ஒருத்தன். பெங்களூருல பெரிய இஞ்சினியரா இருந்துட்டு, ஒருநாள் வேலையை உதறிட்டு ஊருக்கு வந்துட்டான். அப்பன் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கொட்டகை ஒண்ணு வச்சிருந்தாரு. அதுக்குள்ள உக்காந்துக்கிட்டு கிடாரு செய்வான். கடை கெடையாது, போர்டு கெடையாது. ஒண்ண முடிச்சுட்டுத்தான் அடுத்ததுல கை வைப்பான். அவன் செஞ்ச பாஸ் ஒண்ணை ஒரு சர்ச்சுல யாரோ வாசிச்சதை நம்ம பரமகுரு கேட்டுட்டான். அதுலருந்து சோறு தண்ணி எறங்கல. "அத்தான், ஒரு தடவை போய் வாசிச்சு மட்டும் பாத்துட்டு வந்துருவோம் அத்தான்"னு கடைக்கு வந்து நிக்கான், சாப்பாட்டு இலைக்கு முன்னால நிக்கான். கனியும் சிபாரிசு. சரின்னு பஸ் ஏறினோம்.

கொட்டகைக்குள்ள நுழைஞ்சா ஒரே புகை வாடை. அந்த ஆளு வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னான், அம்புட்டுதான். இந்தக் கிடாரை எடுத்து பரமகுரு கையில குடுத்துட்டு, நமக்கு முதுகைக் காட்டி ஸ்டூல்ல உக்காந்துட்டான். ஏன் அப்படி உக்காருதீங்கன்னு கேட்டேன். ஆளைப் பாத்துக்கிட்டே கேட்டா காது ஏமாந்துருமாம். அப்பவே எனக்குப் பிடிக்கல தம்பி. வீடு தேடி வந்தவனுக்கு முதுகைக் காட்டுறது என்ன மரியாதை?

ஆனா பரமகுரு அடிச்சான் பாரு ஒரு தடவை. மேல இருக்க தடிச்ச கம்பி. அடிச்ச உடனே சத்தம் காதுக்கு வரல, வயித்துக்கு வந்துச்சு. காலுக்குக் கீழ தரை கெதக்குன்னு அதிர்ந்துச்சு. கூரையில தொங்குன ரப்பர் ஷீட்டு எல்லாம் லேசா ஆடுச்சு. பரமகுரு என்னையத் திரும்பிப் பாத்தான். அந்த மூஞ்சியை நான் எப்படிச் சொல்லுவேன், போ. பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணு சிரிச்சுட்டா மாப்பிள்ளை மூஞ்சி எப்படி இருக்கும்? அப்படி இருந்தான்.

அப்பதான் வில்பிரட்டு திரும்பி உக்காந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சான். என்ன வாசிப்பீங்கன்னு கேக்கல. எங்க வாசிப்பீங்கன்னு கேட்டான். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு, சர்ச்சு அசன விருந்து, எங்க கூப்பிட்டாலும் போவோம்னு சொன்னேன். "கொடை மேடையில கரண்டு எங்கருந்து எடுப்பாங்க அண்ணாச்சி?"ங்கான். "மேடை மரமா, மண்ணா? மழை பெஞ்சா மூடி வைப்பாங்களா?"ங்கான். அப்புறம் பரமகுருவைப் பாத்து, "நீங்க பாடுவீங்களா? பாடும்போது உதடு மைக்குல படுமா?"ன்னு கேட்டான். எனக்குக் கொதிச்சுட்டு. இவன் கிடாரு குடுக்கானா பொண்ணு குடுக்கானா? கொடையில வாசிக்கிறவன்னா அவனுக்கு எளக்காரம். ஏசி ரூமுல வாசிக்கிறவனுக்குத்தான் குடுப்பான்போல. அந்தக் கேள்விக்கெல்லாம் வேற என்ன அர்த்தம் இருக்கு, நீயே சொல்லு?

அந்தக் கடுப்புல இருந்தப்பதான் என் காதுல அது பட்டுச்சு. பரமகுரு கையை எடுத்துட்டுச் சும்மா நிக்கான், ஸ்பீக்கர்ல லேசா ம்ம்ம்னு ஒரு இரைச்சல். ஹம். அது எல்லாக் கிடாருலயும் இருக்கதுதான், உனக்குத் தெரியாததா? கையை எடுத்தா வரும், கம்பியைத் தொட்டா நின்னுரும். ஏன் நிக்குது? கம்பியிலருந்து உள்ள ஒரு எர்த் வயர் போவும், அதனால. நான் எந்திரிச்சுப் போய் கம்பி மேல கையை வச்சேன். இரைச்சல் நிக்கல. அமுக்கிப் பிடிச்சேன். நிக்கல. உள்ளுக்குள்ள எனக்கு ஒரு சந்தோசம், இல்லைன்னு ஏன் சொல்லணும்? இஞ்சினியரு எர்த் வயரை மறந்துட்டாரு.

சொன்னேன். மறைச்சு வச்சா சொன்னேன், மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அவன் அசரல. "மறக்கல அண்ணாச்சி. வேணும்னுதான் வைக்கல. கம்பியை எர்த்தோட சேத்தா, ஸ்பீக்கர் ஆம்ப்பு உடம்புல வர்ற கரண்டு நேரா கம்பிக்கு வந்துரும். உங்க மேடையில எந்த வயரு எந்த ஓட்டையில போவுதுன்னு யாருக்கும் தெரியாது. கையில கம்பி, வாயில மைக். நடுவுல மனுசன். கொஞ்சம் ஹம் இருந்துட்டுப் போவட்டும். இதை மட்டும் யாரும் தொறக்காதீங்க"ன்னான். எம்புட்டு அழகா பூசி மெழுகுதான் பாத்தியா? செய்ய மறந்துட்டு, அதுக்கு ஒரு வியாக்கியானம். எத்தன மெக்கானிக்கப் பாத்திருக்கேன் நான். ரிப்பேரு பாக்கத் தெரியாதவன் எல்லாம், இது இப்படித்தான் இருக்கும்னுதான் சொல்லுவான்.

பரமகுரு கெடந்து சிரிச்சுக்கிட்டு நிக்கான், அவன் மனசை ஏன் கெடுப்பானேன்னு பேசாம வாங்கிட்டு வந்துட்டேன்.

வந்த பொறவு ஒரு சீசன் முழுக்க இந்தக் கிடாருலதான் வாசிச்சான். ஆடி மாசக் கொடை, ஆவணிக் கல்யாணம் எல்லாம். சத்தம் பிரமாதம். ஆனா பாட்டுக்குப் பாட்டு நடுவுல, சனங்க அமைதியா இருக்கும்போது, அந்த ம்ம்ம். மத்தவங்களுக்குக் கேட்டுச்சோ என்னமோ, எனக்குக் கேக்குது. பல்லு இடுக்குல நாரு மாட்டுனா நாக்கு அங்கயேதான போவும்? ஒருநாள் இன்னொரு குழுக்காரன், பேரு வேண்டாம், மேடைக்குக் கீழருந்து எல்லாரும் கேக்க, "என்ன நயினாரு அண்ணாச்சி, உங்க பாஸ்ல வண்டு கூடு கட்டியிருக்கா?"ன்னு கேட்டுட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. ஆறுமுகநயினாரு ரிப்பேர் பண்ணாத ரேடியோ இந்தத் தாலுகாவுலயே கெடையாது, என் மேடையில இரைச்சலா?

மறுநாள் சாயங்காலம் ஒரு கொடை இருந்துச்சு. பரமகுரு சட்டை எடுக்கக் கடைக்குப் போயிருந்தான். நான் கிடாரைத் தொறந்துட்டேன். அன்னா, அந்த மேசையிலதான். இவதான் டார்ச்சு பிடிச்சா. "அந்த ஆளு தொறக்க வேண்டாம்னு சொன்னாருன்னு தம்பி சொன்னானே"ன்னு கேட்டா. "அவனுக்குத் தெரியலைன்னுதான் தொறக்கேன், நீ நேராப் பிடி"ன்னேன். உள்ள என்னமோ தகரத்தை எல்லாம் சுத்தி, பேட்டரி வச்சு, பெரிய ஜோடனை பண்ணியிருந்தான். கம்பி வந்து சேருற பிரிட்ஜுக்கு அடியில எருமைக்கொம்புல ஒரு தகடு. எதுக்குன்னு கேளு. கம்பியும் உள்ள இருக்கதும் ஒட்டவே கூடாதாம். நான் ஒரு ஓட்டை போட்டு, ஒரு துண்டு வயரை உள்ள விட்டு, இந்தப் பக்கம் ஒரு பொட்டு ஈயம், அந்தப் பக்கம் ஒரு பொட்டு ஈயம். முடிஞ்சுது. ஆம்ப்புல போட்டுத் தொட்டுப் பாத்தேன். இரைச்சல் போன எடம் தெரியல. பெங்களூரு இஞ்சினியருக்கு வராதது எனக்கு ஒரு துண்டு வயருல வந்துட்டு.

பரமகுருகிட்ட சொல்லல. மேடையில அவனே கண்டுபிடிக்கட்டும்னு வச்சிருந்தேன். சொன்னா முன்னாலயே, வேண்டாம் அத்தான்னு எதையாவது பேசுவான்.

அன்னைக்குன்னு பாத்து மத்தியானமே மழை. நாங்க போய்ச் சேரும்போது விட்டிருந்துச்சு, ஆனா மேடைப் பலகை எல்லாம் ஈரம். பூசை நடந்துக்கிட்டு இருந்ததால செருப்புப் போட்டு ஏறக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க. மைக்செட்காரன் எல்லா எடத்துலயும் பண்றதுதான், பிளக்கு சேரலைன்னா வயரு ரெண்டையும் உருவி, எது எந்த ஓட்டைன்னு பாக்காம விட்டுத் தீக்குச்சியைச் செருகுவான். என் பாஸ் ஆம்ப்புக்கும் அப்படித்தான் செருகுனான். கொடை மேடையில எர்த்துக்கு ஏது எடம்? அதுக்கும் நான் ஒரு வழி வச்சிருக்கேன். ஆம்ப்புக்குள்ள நியூட்ரல் வயரை எடுத்து அதோட உடம்புலயே சேத்துட்டேன். நியூட்ரலும் எர்த்தும் கடைசில பூமிக்குத்தான போவுது. இது புஸ்தகத்துல இருக்காது தம்பி, அனுபவம். எங்க வீட்டு கிரைண்டர், ஃபிரிட்ஜு எல்லாத்துக்கும் நான் அப்படித்தான் போட்டிருக்கேன்.

பரமகுரு புதுச்சட்டை போட்டு ஏறினான். கிடாரை மாட்டிக்கிட்டு கம்பி மேல கையை வச்சான். ஒரு நிமிசம் அப்படியே நின்னான். காதைச் சாய்ச்சுக் கேக்கான். இரைச்சல் இல்ல. என் பக்கம் திரும்பி, அவ்வளவு பெரிய மேடையில சின்னப் பையன் மாதிரி, "அத்தான்! ஹம் போயிட்டு அத்தான்!"னு கத்துனான். நான் கீபோர்டுல இருந்துக்கிட்டே காலரைத் தூக்கிவிட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே போய் மைக்குல வாயை வச்சான். என்கிட்ட அவன் கடைசியாப் பேசுனது அதுதான். சந்தோசமாத்தான் போனான், அதை நெனச்சு நான் மனசைத் தேத்திக்கிடுவேன்.

பாட்டு ரெண்டு வார்த்தைகூட வரல. மைக்கை அப்படியே பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான். உடம்பு ஆடுது. ஆட்டம் போடுதான்னுதான் எல்லாரும் நெனச்சோம், ஆம்பளைப் பிள்ளைக எல்லாம் விசிலடிச்சாங்க. நானும் அவனுக்குத் தோதா வாசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் மைக் ஸ்டாண்டோட சரிஞ்சான். மைக்செட் சுப்பையா ஓடிவந்து தூக்கப் போனான், தொட்ட உடனே கையை உதறிட்டுப் பின்னால போய் விழுந்தான். அவ்வளவு பெரிய ஆளு, பொணத்தைத் தொடப் பயந்துட்டான். யாரோ மெயினை அமத்துன பொறவுதான் நாலு பேரு சேந்து எறக்கினோம்.

பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வரும்போதே உயிர் இல்ல, ஹார்ட்டா இருக்கும்னு சொல்லிட்டாங்க. அறுத்துப் பாக்கணுமான்னு கேட்டதுக்கு, பெரியவங்க எல்லாம் வேண்டாம்னுட்டாங்க. நானும் வேண்டாம்னேன். எளந்தாரிப் பையன், அவன் உடம்புல கத்தி படணுமா? இந்தக் காலத்துல யாருக்கு எப்ப நெஞ்சுவலி வரும்னு சொல்ல முடியுதா? போன மாசம்கூட கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்த ஒரு பையன் விழுந்துட்டான்.

கனிதான் குளிப்பாட்டும்போது மூஞ்சியைத் துடைச்சா. உதடு கருகியிருக்கு, வெரல் நுனியில கோடு கோடா இருக்குன்னு என்னையக் கூப்பிட்டுக் காட்டுனா. விழும்போது மைக் இடிச்சிருக்கு, வெரல்ல இருக்கது கம்பித் தழும்பு, வாசிக்கிறவன் எல்லாருக்கும் இருக்கதுதான்னு சொன்னேன். என் வெரலை நீட்டிக் காட்டவும் செஞ்சேன். அவ என் வெரலையே பாத்துக்கிட்டு நின்னா.

காரியம் முடிஞ்ச பொறவு அந்த வில்பிரட்டு வந்தான். எவன் சொன்னானோ. துக்கம் கேட்டுட்டு உடனே, "அண்ணாச்சி, அந்த பாஸைக் கொஞ்சம் பாக்கலாமா?"ங்கான். வாங்கித் திருப்பிப் பாத்தான். பின்பக்கம் ஒரு ஸ்க்ரூவுல என் ஸ்க்ரூடிரைவர் லேசா வழுக்கியிருந்துச்சு, அதுலயே கண்ணு நின்னுட்டு. "இதை யாரு தொறந்தா?"ன்னு கேட்டான். எனக்கென்ன பயம்? "நான்தான் தொறந்தேன். நீ விட்ட வயரை நான் வச்சேன். இப்ப சத்தமே இல்ல, வேணும்னா போட்டுக் கேளு"ன்னேன்.

அவன் பொத்துன்னு தரையில உக்காந்துட்டான் தம்பி. ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுக்கிட்டான். பாவம், வெக்கம். பெரிய படிப்புப் படிச்சவன், அவன் வேலையில ஒரு ரேடியோக்காரன் குறை கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டானேன்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. பரவால்ல விடு, மறதி எல்லாருக்கும் உள்ளதுதான்னு நான்தான் அவனுக்குச் சமாதானம் சொன்னேன். அவன் எந்திரிச்சுட்டான். போகும்போது வாசல்ல நின்னு கனிகிட்ட மெதுவா என்னமோ சொன்னான். அன்னையிலருந்துதான் இவ பேசுறதில்ல. என்ன சொன்னான்னு எத்தனையோ தடவை கேட்டுட்டேன், வாயைத் தொறக்கல. ராசி, தோசம்னு எதையாவது ஊதிவிட்டுட்டுப் போயிருப்பான். படிச்சவனுகதான் இதுல ரொம்ப மோசம்.

சரி, பேசிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும். இரு, ஆம்ப்பைப் போடுதேன். அந்த ஆம்ப்புதான், பழசானாலும் தங்கம். பிளக்கு ஒடைஞ்சுட்டு, பரவால்ல, இந்தா தீக்குச்சி. ம். எரியுது பாரு லைட்டு. இப்ப கையை எடு. என்ன கேக்குது? லேசா ம்ம்ம்ங்குதுல்லா? தொடு. ஒண்ணும் இல்ல. சுத்தம்.

அடி ஒரு தடவை. தடிச்ச கம்பியை அடி. ஆகா! கேட்டியா?

என்ன, கையை உதறுதே? சுர்ருங்குதா? அது ஒண்ணுமில்ல, மழைக்காலம்லா, சொவரெல்லாம் ஊறிப்போய் கெடக்கு. எங்க வீட்டு கிரைண்டருகூட இந்த மாசத்துல சுர்ருங்கும், கனி ஒரு பலகை மேல ஏறி நின்னுதான் மாவாட்டுவா. தரையில தண்ணி ஓடுது பாரு, மேல ஓடு ஒழுகுது. அவ துடைச்சுக்கிட்டேதான் இருக்கா, நிக்க மாட்டேங்கு. நீ அதை எல்லாம் பாக்காத.

இப்ப பாடிக்கிட்டே வாசி. அதுக்குத்தான உன்னைய வரச் சொன்னேன். மைக்கையும் போட்டுட்டேன், அது வேற ஆம்ப்பு. இன்னைக்கே மேடை இருக்குன்னு சொன்னே, இங்கன பாத்துட்டுப் போயிட்டா அங்க தடுமாற வேண்டாம். கிட்ட வா. இன்னும் கிட்ட. பாஸ் வாசிக்கிறவன் வாயை மைக்குல ஒட்டி வச்சுப் பாடணும், அப்பதான் ரெண்டு சத்தமும் ஒண்ணா எறங்கும். உதடு படட்டும், மைக்கு என்ன கடிக்கவா போவுது?

அட, லைட்டு போயிட்டே. சரியான நேரத்துல கரண்டை அமத்துதான் பாரு. இந்த ஊருல மழைன்னு ஒரு சொட்டு விழுந்தா போதும்.

இல்லையே, எதுத்த வீட்டுல டிவி பாடுதே.

ஏளா, நீயா? மெயின் போர்டு ஃபீஸ் கட்டையை உருவிக் கையில வச்சுக்கிட்டு எதுக்கு நிக்கே? என்ன? தம்பியைப் பாத்து என்ன சொல்லுதே?

கேட்டியா தம்பி? எம்புட்டோ நாளைக்குப் பொறவு வாயைத் தொறந்திருக்கா, வந்தவனை வீட்டுக்குப் போன்னு சொல்லத்தான் தொறந்திருக்கா. "அதத் தொடாதீங்க தம்பி, வச்சுட்டுப் போயிருங்க"ங்கா. ஏளா, யாவாரம் பேசுற எடத்துல இது என்ன பேச்சு? என்ன? அவன் நெஞ்சுவலியில சாகலையா? நான் வச்ச வயரா? அந்த வயரை வைக்கிறதுக்கு முந்தி ஒரு சீசன் வாசிச்சான், வச்ச அன்னைக்கே போயிட்டான்ங்கா. இதான் தம்பி ராசி பாக்குறதுங்கிறது. இது நடந்தப்ப அது நடந்துட்டாம், அதனால இதாலதான் அதுவாம். பூனை குறுக்க போச்சு, பஸ்ஸு கவுந்துட்டுன்னு சொல்ற மாதிரி. அந்த வில்பிரட்டு வாசல்ல நின்னு இதத்தான் ஓதியிருக்கான், இப்பத்தான வெளிய வருது.

நீ கிடாரைக் கீழ வைக்காத. ஏன் வைக்கே? அவ சொன்னா நீ நம்புதியா? படிச்ச பையன் நீ. சரி, குடு. இங்க குடு, நான் மாட்டிக்கிடுதேன். நானும் பாஸ் வாசிச்சவன்தான், பாடவும் வரும். உன் முன்னாலயே வாசிச்சுப் பாடிக் காட்டுதேன். நான் வச்ச வயரு, என் ஆம்ப்பு, என் வாய். இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? ஊருலயும் போய்ச் சொல்லு, நயினாரு மைக்குல வாயை வச்சுப் பாடினாரு, கல்லு மாதிரி நின்னாருன்னு.

ஏளா, ஃபீஸைப் போடு.

என்னைய ஏன் அப்படிப் பாக்கே? அன்னைக்கு டார்ச்சு பிடிக்கும்போது நேராப் பிடிச்சேல்லா, அதே மாதிரி இப்பவும் சொன்னதைச் செய். என்ன? நெசமாத்தான் சொல்லுதீங்களாவா? ஆமா, நெசமாத்தான் சொல்லுதேன். போடு.

தம்பி, நீ எதுக்கு ஊடால வாரே? கையை விடு. கிடாரு வாரைப் பிடிச்சு இழுக்காத, மரம் கீறிரும். அங்கிட்டு உக்காரு. புருசன் பொஞ்சாதி பேசுற எடத்துல உனக்கு என்ன சோலி? இந்தா, கையைக் கம்பி மேல வச்சுட்டேன். வாயை மைக்குல வச்சுட்டேன். நீ சும்மா கேளு.

அன்னா, ஃபீஸை எடுத்துக்கிட்டு மெயின் போர்டு பக்கம் போறா பாத்தியா? பேசாட்டாலும் கனி நல்லவ. கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து என் பேச்சை அவ தட்டுனதே கெடையாது.